நாகேஸ்வரியின் இருமலும் நாற்பத்து மூன்று துண்டுகளும்

நாகேஸ்வரி தன் வாழ்க்கையில் வென்றெடுத்தவற்றை ஒன்றும் விடாமல் சொல்வதென்றால், முதலில் நீர் இறைக்கும் மிசின்களைச் சொல்ல வேண்டும். போன தைப்பொங்கல் வரைக்கும் நூற்றுப் பதினேழு. அவற்றில் ஒன்பது, "இனி இது பழைய இரும்புக்காரனுக்குத்தான்" என்று ஆண்பிள்ளைகள் கைகழுவி விட்டவை. அடுத்தது, நடுவிலே குறுக்குத் தடி போட்ட ஆண்பிள்ளைச் சைக்கிள் ஒன்று. பிறகு, கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் முதுகு சாய்கிற கதிரை ஒன்று. அதற்கு முந்தி அந்தக் கந்தோருக்குள் பெண்கள் நின்றபடிதான் கதைத்தார்கள். பிறகு, சங்கத் தலைவர் சோமசேகரத்தாருடைய நாய். சீலை உடுத்த எவரைக் கண்டாலும் பாய்கிற அந்த நாய், கடைசிக் காலத்தில் அவளுடைய சைக்கிள் மணி கேட்டால் வேலிப் படலைக்கு ஓடி வந்து வாலாட்டிக்கொண்டு நின்றது. முடிவாக ஒரு மாப்பிள்ளை. ஊர் முழுக்க 'இருமல்காரி' என்று பெயரெடுத்தவளை 1972 ஆவணியில் கட்டிக்கொண்ட அந்த மனிசன், பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தன் தோட்டத்து மிசின் சரியாக ஓடுவதில்லை என்பதை இரண்டு தரம் சொன்னார். அந்த மிசினும் நூற்றுப் பதினேழுக்குள் அடக்கம்.

இவ்வளவையும் வென்றவளுக்கு இருபத்தாறு வயது வரைக்கும் தன் பெயரை எழுதத் தெரியாது. அதை எப்படி வென்றாள் என்பதுதான் விபரமாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதில் பாதிப் பெருமை தன்னுடையது என்று அவளுடைய தமையன் தம்பிராசா சொல்லுவான். எந்தப் பாதி என்று கேட்டால், "கழற்றின பாதி" என்பான்.

ஏழாலைக்குக் கிழக்கே, செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் அவர்களுடைய வீடு. தகப்பன் 1951 ஆம் ஆண்டு காய்ச்சலில் போய்விட்டார். அப்போது தம்பிராசாவுக்குப் பதினொரு வயது, ஐந்தாம் வகுப்பு. நாகேஸ்வரிக்கு எட்டு வயது, பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்கவில்லை. தாய் சின்னாச்சி இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள். கொட்டிலில் நின்ற ஆட்டையும் பார்த்தாள்.

"பெடியன் அஞ்சை முடிக்கட்டும். பெட்டை ஆட்டைப் பாக்கட்டும். அவள் படிச்சு என்ன, கந்தோருக்கே போகப்போறாள்?"

இந்தக் கேள்விக்கு ஆடு மட்டும் கத்தியது.

ஐந்தை முடித்துக்கொண்டு தம்பிராசா தோட்டத்தில் இறங்கினான். இறங்கிய பிறகுதான், ஆண்பிள்ளைக்கு உரியவை என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த வேலைகளில் ஒன்றுகூட அவனுக்குச் சரிவராது என்பது தெரிந்தது. கிணற்றுத் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து நீர் இறைக்க வேண்டும். ஏறினால் தலை சுற்றியது. மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டினால் வரம்பு சாரைப்பாம்பு போல நெளிந்தது. ஆனால் தாய் சுகமில்லாமல் படுத்த ஒரு நாள், அவன் குசினிக்குள் போய்ப் புட்டு அவித்தான். நீத்துப்பெட்டியைக் கவிழ்த்தபோது புட்டு மல்லிகைப் பூப்போல உதிர்ந்து விழுந்தது. சின்னாச்சி ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். இன்னொரு வாய் போட்டாள். பிறகு படலைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆருக்கும் சொல்லிப்போடாதை, மோனை" என்றாள்.

1961 இல் சின்னாச்சி தன் காப்புச் சோடியைக் கொடுத்துப் பழைய மண்ணெண்ணெய் மிசின் ஒன்றை வாங்கினாள். மகன் துலாவிலிருந்து விழுந்து சாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஓர் இழுவை இழுத்தால் மிசின் ஓட வேண்டும். தம்பிராசா முதல் நாள் இழுத்தபோது கயிறு மட்டும் கையோடு வந்தது. அவன் மிளகாய்ப் பாத்திக்குள் மல்லாக்காகப் போய் விழுந்தான். மிசின் பேசாமல் இருந்தது.

கொழும்புத்துறையிலிருந்து கிறகோரி வரவழைக்கப்பட்டார். கடற்கரை ஆள், படகு மிசின்களைத் திருத்திப் பழகியவர். அவர் முதல் தரம் வந்து மிசினைக் கழற்றியபோது நாகேஸ்வரி பத்து முழம் தள்ளியிருந்து வெங்காயம் உரித்தாள். இரண்டாம் தரம் வந்தபோது ஐந்து முழத்தில் இருந்து உரித்தாள். மூன்றாம் தரம் அவருடைய தோளுக்குப் பின்னால் இருந்தாள். அன்றைக்கு வீட்டில் உரிக்க வெங்காயம் இருக்கவில்லை, ஆகவே உரித்ததையே உரித்தாள். நாலாம் தரம் கிறகோரி வந்து சைக்கிளை வேலியில் சாத்துவதற்கு முன்பே மிசின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆர் திருத்தினது?"

"பெடியன்தான்" என்றாள் சின்னாச்சி, கண் இமைக்காமல்.

கிறகோரி பெடியனுடைய கையைப் பார்த்தார். அதில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. பெட்டையின் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு எண்ணெய். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாய் சொன்ன அந்த ஒரு பொய் இரண்டு வருடத்துக்குள் ஊருக்கே உண்மையாகிவிட்டது. "மிசின் நிண்டு போச்சே? தம்பிராசாவைக் கூப்பிடு." பெண்பிள்ளை அயலவன் தோட்டத்தில் நின்று மிசினில் கை வைத்தால் ஊர் சிரிக்கும், மிசினின் சொந்தக்காரன் அதைவிட வெட்கப்படுவான். ஆகவே தம்பிராசா முன்னே போவான். நாகேஸ்வரி மரை கழற்றும் சாவிகள் கிடந்த பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னே போவாள். அவள் நின்று இருமுவாள், அவன் கழற்றுவான்.

இருமலுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு இருமல் என்றால் பிளக்கைக் கழற்று. இரண்டு என்றால் காபரேற்றர். மூன்று என்றால் மக்னெற். தொண்டையைக் கனைத்தால் கயிற்றை இழு. தும்மினால் மட்டும், கையை எடு, ஒன்றையும் தொடாதே என்று அர்த்தம். சிக்கலான வேலையென்றால் தம்பிராசா முகத்தைச் சுளித்து, "இதை வீட்டை கொண்டுபோய்த்தான் பாக்கவேணும்" என்பான். இந்த ஒரு வசனத்தை மட்டும் அவன் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருந்தான்.

வீட்டில் அந்தத் துண்டு குசினிக்குள் போகும். நாகேஸ்வரி அம்மிக்குப் பக்கத்தில் இருந்து அதை அரத்தால் ராவுவாள், மினுக்குக் கடதாசி போட்டுப் பெருவிரலால் தேய்ப்பாள். தம்பிராசா திருவலையில் இருந்து தேங்காய் திருவுவான். படலை கிறீச்சிட்டால் இரண்டு பேரும் ஒரே பாய்ச்சலில் இடம் மாறுவார்கள். வந்தவர் எட்டிப் பார்க்கும்போது அவன் கையில் அரமும் அவள் கையில் தேங்காய்ப் பாதியும் இருக்கும். ஒரு நாள் அவசரத்தில் அவன் தேங்காய்ப் பாதியோடேயே அம்மியடிக்கு வந்துவிட்டான். வந்தவருக்கு முன்னால் அந்தத் தேங்காயை அரத்தால் ராவிக் காட்ட வேண்டியதாயிற்று.

"என்ன தம்பி செய்யிறாய்?"

"அரம் கூரோ எண்டு பாக்கிறன், அண்ணை."

இந்த ஏற்பாட்டால் வந்த கரைச்சல் ஒன்றுதான்: இருமல். நல்ல தேகசுகத்தோடு இருந்த பெட்டை, தோட்டம் தோட்டமாகப் போய் இருமினால் சனம் என்ன நினைக்கும்? இஞ்சிக் கோப்பி கொடுத்தார்கள். கற்பூரவள்ளி கொடுத்தார்கள். ஆடாதோடைக் கசாயம் மட்டும் பதினாலு தோட்டங்களில் குடித்தாள். அது நாய்க்கும் இறங்காத கைப்பு. குடிக்காவிட்டால் இருமல் பொய்யென்று தெரிந்துவிடும் என்பதால் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டும் வரைக்கும் குடித்தாள். 1966 இலும் 1968 இலும் வந்த இரண்டு கலியாணப் பேச்சுகள், "பிள்ளைக்கு நெஞ்சு சரியில்லையாம்" என்று குழம்பிப் போயின.

"நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைச் சாகக்கொல்லப் போறியள்" என்று சின்னாச்சி தலையில் கை வைத்தாள். "அவளுக்கு நெஞ்சுவருத்தம், உனக்குப் புட்டு. ஆர் உங்களைக் கட்டுவினம்?"

1969 ஆம் ஆண்டு மே மாதம் கூட்டுறவுச் சங்கம் ஆறு புது மிசின்கள் வாங்கியது. தோட்டக்காரருக்கு முறைவைத்துக் கொடுப்பதற்காக. அவற்றைப் பார்க்க மாதச் சம்பளத்துக்கு ஒரு மெக்கானிக் தேவை என்று கந்தோர்ச் சுவரில் கடதாசி ஒட்டினார்கள். தம்பிராசா அதை வாசித்துக்கொண்டு வந்து சொன்னபோது நாகேஸ்வரி அரத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணை, அந்த வேலை எனக்கு வேணும்."

"உனக்கு எப்பிடியடி தருவினம்?"

"உங்கடை பேரிலை எடுங்கோ. நான் இருமிறன்." பிறகு கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "ஆறு புது மிசின், அண்ணை. ஒருதரும் இன்னும் திருத்திப் பழுதாக்காத மிசின். வேறை ஆளை எடுத்தினமெண்டால் ஊர் மிசின் எல்லாம் அந்தாளிட்டைத்தான் போகும். எனக்குப் பேந்தும் ஆடுதான்."

தம்பிராசா படலை வரைக்கும் போய் இரண்டு தரம் திரும்பி வந்தான். ஆனாலும் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான்.

யூன் 10 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை சோமசேகரத்தாருடைய மிளகாய்த் தோட்டத்தில் சோதனை. நடுவராகக் கிறகோரியைக் கூப்பிட்டிருந்தார்கள். சோதனைக்கு மிசின் தேடி அலையவேண்டிய தேவை இருக்கவில்லை. தலைவருடைய சொந்த மிசினே நின்று போயிருந்தது. மே கடைசியில் யாரும் எதிர்பாராத மழை பெய்ததால் பத்து நாள் மிசினைத் தொடவில்லை. பிறகு வெயில் எரித்தது. இழுத்துப் பார்த்தால் மிசின் மூச்சும் விடவில்லை. மிளகாய்க் கன்றுகள் எல்லாம் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. காலையில் வந்த இரண்டு ஆண்பிள்ளைகள் பிளக்கைத் துடைத்து, கயிற்றை இழுத்து, கை கொப்பளித்து, போய்விட்டார்கள்.

தம்பிராசா முன்னே வந்தான். சாவிப் பெட்டியோடு நாகேஸ்வரி பின்னே வந்தாள். நாய் அவளைக் கண்டு சங்கிலியை இழுத்துக் குரைத்தது.

"உவள் என்னத்துக்கு?" என்றார் சோமசேகரத்தார்.

"பெட்டி தூக்க, ஐயா."

"சரி, சரி. கெதியாப் பார். கண்டு வாடுது."

நாகேஸ்வரி வேலியோரம் போய் நின்று ஒரு இருமல் இருமினாள். தம்பிராசா பிளக்கைக் கழற்றிச் சாக்கில் வைத்தான். எல்லாம் வழக்கம் போலத்தான் நடந்தது. அந்த நேரம் பார்த்துத் தலைவரின் மனைவி ஞானாம்பிகை ஒரு நெருப்புச் சட்டியோடு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, இது மிசின்ரை பிழை இல்லை. நாவூறு. மழைக்கு எங்கடை கண்டு மட்டும் தழைச்சு நிண்டதை எத்தினை பேர் வேலியாலை பாத்தவை! இண்டைக்குச் செவ்வாயும். கழிச்சுவிடுவம்."

"சோதனை நடக்குதப்பா!"

"நடக்கட்டுமே. நான் ஆரின்ரை கையைப் பிடிச்சனான்?"

செத்தல் மிளகாய் ஒரு பிடி, உப்பு, கடுகு. மிசினை மூன்று தரம் சுற்றிக் காட்டினாள். தம்பிராசாவும் மிசினோடு இருந்தபடியால் அவனையும் சேர்த்துச் சுற்றினாள். பிறகு எல்லாவற்றையும் நெருப்பில் போட்டாள். மிளகாய்த் தோட்டக்காரி, பிடியும் பெரிய பிடி. புகை எழும்பியது. சோளகக் காற்று அதை அப்படியே திருப்பி எல்லாருடைய முகத்திலும் அடித்தது.

முதலில் நாகேஸ்வரி இருமினாள், உண்மையாகவே. பிறகு சோமசேகரத்தார் இருமினார். சங்கக் காரியதரிசி முத்துக்குமாரு இருமினார். கிறகோரி இருமினார். ஞானாம்பிகை இருமிக்கொண்டே, "கமறுது! கமறினால் நாவூறு இல்லை! அப்ப மிசின்ரை பிழைதான்!" என்று கத்தினாள்.

தம்பிராசாவின் கண்ணிலிருந்து நீர் ஓடியது. ஒன்றும் தெரியவில்லை, காது மட்டும் கேட்டது. எட்டு வருடம் இருமலுக்குக் கீழ்ப்படிந்து பழகிய கை அது. இரண்டு இருமல் கேட்டது; காபரேற்றரைக் கழற்றினான். மூன்று கேட்டது, மக்னெற்றைக் கழற்றினான். பிறகு தலைவர் ஒரே மூச்சில் ஆறு தரம் இருமினார். ஆறுக்கு ஒழுங்கு கிடையாது. தங்கச்சி ஏதோ பெரிய வேலை சொல்கிறாள் என்று நினைத்து, எண்ணெய்த் தாங்கியைக் கழற்றினான். முத்துக்குமாரு விடாமல் இருமினார், மூடியைக் கழற்றினான். நாகேஸ்வரி அவனை நிறுத்தவென்று தும்மினாள். அவன் கையை எடுத்தான். உடனே நாய் இருமியது. அவன் மறுபடி சாவியைப் பிடித்தான்.

"அண்ணை!" என்று கத்த அவள் வாயைத் திறந்தாள். புகை உள்ளே போனதுதான் மிச்சம். பத்து இருமல் வெளியே வந்தது. புகைக்குழாயும் கழன்றது.

ஒரு விஷயத்தில் மட்டும் தம்பிராசாவைக் குறை சொல்ல முடியாது. கண்ணீருக்குள்ளும் கழற்றின ஒவ்வொரு துண்டையும் கழற்றின ஒழுங்கு மாறாமல் சாக்கில் வரிசையாக வைத்திருந்தான். புகை அடங்கியபோது நாற்பத்து மூன்று துண்டுகள் இருந்தன. மிசின் இருந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்றும் இருக்கவில்லை.

சோமசேகரத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். சால்வையால் இன்னொருக்காலும் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, என்ன இது?"

"முழுச் சோதனை, ஐயா."

"ஓ. இனிப் பூட்டு பாப்பம்."

தம்பிராசா சாக்கைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான். அவள் இருமவில்லை, தொண்டையில் இருமலே மிச்சமில்லை. கண்ணாடிக்கு முன்னால் பழகிய வசனம் ஒன்று கைவசம் இருந்தது.

"இதை வீட்டை கொண்டுபோய்த்தான் பாக்கவேணும்."

"எதையடா? எல்லாத்தையுமோ?"

அப்போதுதான் நாகேஸ்வரி சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். குரல் தவளையின் குரல் போல இருந்தது.

"அங்காலை தள்ளுங்கோ, அண்ணை."

நாற்பத்து மூன்றாவது துண்டிலிருந்து தொடங்கினாள். கடைசியாகக் கழற்றியது புகைக்குழாய். அதைப் பூட்டுவதற்கு முன் கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளேயிருந்து சிவப்பு மண்கட்டி ஒன்று 'பொத்' என்று விழுந்து உடைந்தது. பத்து நாள் சும்மா கிடந்த குழாய்க்குள் குளவி வீடு கட்டியிருந்தது. மூச்சுவிட வழியில்லாமல்தான் மிசின் செத்துக் கிடந்திருக்கிறது.

"குளவி!" என்றார் கிறகோரி. "குழாயை ஒருதரும் கழற்றிப் பாக்கிறேல்லை. தம்பி, உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நாய் இருமினது" என்றான் தம்பிராசா. அவருக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று என்று வரிசை குறையக் குறைய மிசின் வளர்ந்தது. நாய் குந்தியிருந்து பார்த்தது. கடைசியாகப் பிளக். கயிற்றைச் சுற்றினாள். ஓர் இழுவை. மிசின் ஒருக்கால் செருமியது, பிறகு 'டப டப' என்று பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது.

கிறகோரி சிரித்தார். "தலைவர், நான் இதை எட்டு வருசத்துக்கு முந்தியே கண்டனான். திருத்திறது ஆர், தேங்காய் திருவிறது ஆர் எண்டு எனக்கு அப்பவே தெரியும். மெக்கானிக் இவதான்."

சோமசேகரத்தார் நாடியைத் தடவினார். கெட்ட மனிசன் அல்ல. ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தே பாதி வயதைப் போக்கியவர்.

"வேலை நல்ல வேலைதான். ஆனால் ஒரு குமர்ப்பிள்ளையை மெக்கானிக் எண்டு எழுதினால் அயற்கிராமத்துச் சங்கக்காரர் எங்களைப் பாத்துச் சிரிப்பினம். இப்பிடிச் செய்வம். பேர் தம்பிராசான்ரை, கை உவளின்ரை. இவ்வளவு நாளும் அப்பிடித்தானே நடந்தது?"

அவர்கள் கேட்டு வந்ததும் அதுதான். தலையை ஆட்டினால் முடிந்தது. தம்பிராசா தங்கச்சியைப் பார்த்தான். அவள் மிசினைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி ஆயுள் முழுக்க இருமவேண்டியவளுடைய முகம் அது. பதினாலு தோட்டத்து ஆடாதோடையும் அந்த முகத்தில் ஒன்றாய்த் தெரிந்தது.

"ஏலாது, ஐயா" என்றான்.

"என்ன ஏலாது?"

"எனக்கு மிசின் தெரியாது. கயிறு இழுத்தாலே விழுந்துபோவன்." கையில் இருந்த கறுப்பைச் சாக்கில் துடைத்தான். "எனக்குப் புட்டு அவிக்கத்தான் தெரியும்."

முத்துக்குமாரு பேனையைக் கீழே போட்டார். முதலில் வாயைத் திறந்தது ஞானாம்பிகைதான்.

"உதிருமோ, கட்டிபடுமோ?"

"உதிரும், அம்மா."

"மாவை வறுத்தோ அவிக்கிறனீ?"

"வறுத்து, ரெண்டு தரம் அரிச்சு."

"ம்" என்றாள் அவள், மரியாதையோடு.

"பொம்பிளை மிசின் பூட்டுறாள், ஆம்பிளை புட்டு அவிக்கிறான்!" என்றார் சோமசேகரத்தார். "ஊர் தலைகீழாப் போகுது. சங்கம் அதுக்கு உடந்தையாய் நிக்கிறதோ?"

ஞானாம்பிகை நெருப்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சாருங்கோ. ரெண்டு ஆம்பிளையள் காலமை வந்து கை கொப்பளிச்சுக்கொண்டு போச்சினம். என்ரை கண்டுக்குத் தண்ணி விட்டது இந்தப் பிள்ளை. ஆம்பிளைதான் வேணுமெண்டால், அங்கை துலா கிடக்கு. நாளைக்கு மிசின் நிண்டால் நீங்களே ஏறி மிதியுங்கோ. நான் கீழை நிண்டு தண்ணி அள்ளுற பட்டையைப் பிடிக்கிறன்."

சோமசேகரத்தார் துலாவை அண்ணாந்து பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது, நல்ல உடம்பு. துலாவும் பழசு.

"முத்துக்குமாரு" என்றார். "புத்தகத்தை எடும்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. முத்துக்குமாரு சட்டப்படி நடக்கிற மனிசன். பதிவுப் புத்தகத்தைத் திறந்து, "கையெழுத்து" என்றார். நாகேஸ்வரிக்கு எழுதத் தெரியாது என்றதும் மைப் பெட்டியை நீட்டினார். அவள் பெருவிரலை மையில் தொட்டு அழுத்தினாள். கறுப்பு வட்டம் ஒன்று விழுந்தது. கோடு ஒன்றும் இல்லை.

இன்னொரு தரம். இன்னொரு வட்டம். மூன்றாம் தரமும் அப்படியே.

முத்துக்குமாரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவளுடைய பெருவிரலைப் பார்த்தார். எட்டு வருடம் மினுக்குக் கடதாசி தேய்த்த விரல். ரேகை எல்லாம் ஊர் மிசின்களோடு போய்விட்டது.

"இது கைநாட்டு இல்லை, பிள்ளை. பொட்டு. நாளைக்கு வேறை ஒருத்தி வந்து, நான்தான் நாகேஸ்வரி எண்டு ஒரு பொட்டை வைச்சால் நான் என்ன செய்யிறது? அடுத்த செவ்வாய் கமிட்டி கூடுது. அதுக்குள்ளை கையெழுத்து வைக்கப் பழகு. இல்லாட்டி வேலையை வேறை ஆளுக்குத்தான் எழுதவேணும்."

ஏழு நாள். தம்பிராசா குசினிக் கதவில் கரியால் அவளுடைய பெயரை எழுதிவிட்டு, அடுப்படிக்குப் போனான். கற்பிக்கிற பொறுமை அவனுக்கு இல்லை. அன்றைக்கு முருங்கைக்காய்க் கறி வேறு. சிறிது நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அவள் ஆட்டுக்கொட்டிலுக்கு முன்னால், செம்மண்ணில் சாவி நுனியால் கடைசி எழுத்தை மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"முதல் எழுத்திலை இருந்து தொடங்கடி!"

"கழற்றினதைப் பூட்டுறதெண்டால் கடைசித் துண்டிலை இருந்துதானே, அண்ணை?"

அன்றைக்கு முழுக்கக் கடைசி எழுத்து. அடுத்த நாள் அதற்கு முந்தியது. ஐந்து நாளில் ஐந்து எழுத்து. ஆறாம் நாள் எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்தாள், வலப்பக்கமிருந்து இடப்பக்கமாக. ஆடு வந்து ஒரு எழுத்தை மிதித்தது. அடுத்த ஆடும் மிதித்தது. பதினெட்டுத் தரம் எழுதினாள். பதினெட்டையும் தம்பிராசா எண்ணினான்.

செவ்வாய்க்கிழமை, எமகண்டம் கழியட்டும் என்று சின்னாச்சி பத்தரை வரைக்கும் அவர்களைப் படலை தாண்ட விடவில்லை. கந்தோரில் கமிட்டிக்காரர் எல்லாரும் இருந்தார்கள். தம்பிராசா கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. ஞானாம்பிகை புட்டுக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தாள். முத்துக்குமாரு புத்தகத்தைத் திறந்து, பேனையை மையில் தொட்டுக் கொடுத்தார். நாகேஸ்வரி நின்றபடி குனிந்தாள்.

"இருந்து எழுது, பிள்ளை" என்றார் சோமசேகரத்தார். சொல்லிவிட்டுத் தானே திகைத்துப்போனார். சுற்றிப் பார்த்தால் வேறு கதிரை இல்லை. எழும்பித் தன்னுடையதையே தள்ளிவிட்டார்.

அவள் இருந்தாள். கோட்டின் வலது ஓரத்தில் பேனையை வைத்துக் கடைசி எழுத்தை எழுதினாள்.

"எங்கையிருந்து எழுதிறாய்?" என்று முத்துக்குமாரு பதறினார்.

"பூட்டுறன், ஐயா. பொறுங்கோ."

தம்பிராசா சாப்பாட்டுப் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினான். இருமல் வரப் பார்த்தது, விழுங்கினான். எழுத்துகள் ஒவ்வொன்றாய் இடப்பக்கம் நகர்ந்தன. முதல் எழுத்துக்கு வந்தபோது இடம் போதவில்லை. அது தொடர் இலக்கத்தின் மேலே ஏறி, துலா மிதிக்கிற ஆளைப்போல ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆனாலும் வாசிக்கலாம். முத்துக்குமாரு எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு தன் பேனையை வாங்கி, பக்கத்தில் தெளிவாகத் திகதியைப் போட்டார்: 1969 ஆம் ஆண்டு, யூன் மாதம், பதினேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை.